வீட்டாரெல்லாம் இயக்கத்தக்க ஒலிக்கருவி

புதுக் கருவியொன்று வீட்டுக்கு வரும்போது அதன் விலை யாது, வலு எத்துணை என்று கேட்பதே உலக வழக்கம். ஆயின், அக்கேள்விகளுக்கு முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. வீட்டிலுள்ளாருள் எத்தனை பேர் பிறர் உதவியின்றி அதனை இயக்க வல்லார் என்பதே அக்கேள்வி. ஒருவர் மட்டுமே இயக்கத்தெரிந்த கருவி அவ்வொருவருக்கே உரியது. அது கூடத்தின் நடுவே வீற்றிருப்பினும் குடும்பத்துக்கு உரியது ஆகாது.

1925 ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்து ஒலிபரப்புத் தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம் வானொலிப் பெட்டிக்குப் பெரும்பாலும் இரண்டு குமிழ்களே முதன்மையாயின. ஒன்று ஒலியைக் கூட்டிக் குறைக்க. மற்றது நிலையத்தைத் தேட. எழுதப் படிக்க அறியாதாரும் அவ்விரண்டையும் திருப்பக் கற்றுக்கொண்டனர். 1979 ஆம் ஆண்டிற் தொலைக்காட்சி இந்நாட்டுக்கு வந்தபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. இன்றோ வீட்டுத் திரையரங்கு என்னும் பெயரில் ஒரு கருவித்தொகுதி இல்லங்களிற் புகுந்துள்ளது. அகன்ற திரை ஒன்று, ஒலிபெருக்கிகள் ஐந்தாறு, அவற்றுக்கெல்லாம் தலைமை தாங்கும் றிசீவர் என்னும் கனத்த பெட்டி ஒன்று. அப்பெட்டியின் பின்புறத்தை நோக்குவார் திகைப்பர். துளைகளும் திருகுகளும் செருகுவாய்களுமாக நாற்பது ஐம்பது இடங்கள் அங்கே காணப்படும். அவற்றுள் ஒரு சாதாரண குடும்பத்துக்கு வேண்டியவை பத்துக்கு மேற்படா என்பதை அறிந்தாலே அச்சத்திற் பாதி நீங்கிவிடும்.

றிசீவர் செய்யும் தொழில்கள் மூன்று. பல கருவிகளிலிருந்து வரும் ஒலிகளுள் வேண்டியதைத் தெரிதல் முதலாவது. சுருக்கி அனுப்பப்பட்ட ஒலியை விரித்து, இன்ன பங்கு இன்ன ஒலிபெருக்கிக்கு எனப் பிரித்தல் இரண்டாவது. பிரித்த மின்சைகையை ஒலிபெருக்கியை அசைக்கும் அளவுக்கு வலுவாக்குதல் மூன்றாவது. பள்ளி மாணவர் விரியலாக்கி என்று படிக்கும் உறுப்பே இம்மூன்றாவது தொழிலைச் செய்கின்றது. இவற்றோடு வானொலி கேட்கும் பகுதியொன்றும் பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. வானலையை வாங்கும் உறுப்பும் விரியலாக்கியும் ஒரே கூட்டினுள் அமைந்தமையாலேயே வாங்கி எனப் பொருள்படும் றிசீவர் என்னும் பெயர் இதற்கு வந்தது. ஆகவே இப்பெட்டி பழைய வானொலிப் பெட்டியின் வழித்தோன்றலேயன்றி முற்றிலும் அந்நியமான பொருளன்று.

பல ஒலிபெருக்கிகள் எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பு. மனிதனுக்குச் செவி இரண்டு. ஓர் ஓசை இடப்புறத்திலிருந்து வருகிறதா வலப்புறத்திலிருந்து வருகிறதா என்பதை இரு செவிகளிலும் அது சேரும் நேர வேறுபாட்டாலும் உரத்த வேறுபாட்டாலும் மூளை உணர்கின்றது. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு இரு வழி ஒலிப்பதிவு முறைக்கு 1931 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் காப்புரிமை கோரியவர் அலன் புளூம்லீன் என்னும் பொறியியலாளர். 1940 ஆம் ஆண்டில் வெளிவந்த வோல்ற் டிஸ்னியின் பன்ரேசியா என்னும் படம் சில அரங்குகளிற் பல வழி ஒலியுடன் காட்டப்பட்டது. 1992 ஆம் ஆண்டிலிருந்து டொல்பி நிறுவனத்தின் எண்முறை ஒலி திரையரங்குகளிற் பரவி, பின்னர் வீடுகளுக்கும் வந்தது. ஐந்து புள்ளி ஒன்று என்று கடைக்காரர் கூறுவது அம்முறையின் கணக்கேயாகும். முன்னே இடமும் வலமும் நடுவும் ஆக மூன்று, பக்கங்களில் இரண்டு, ஆக ஐந்து. ஆழ்ந்த முழக்கத்துக்கு மட்டும் உரிய பெரிய பெட்டி ஒன்று. அதற்குரிய வழி முழு ஒலியையும் தாங்காது, அடிச்சுரங்களை மட்டுமே தாங்குதலின் அதனைப் புள்ளி ஒன்று எனக் குறித்தனர்.

இவ்வாறனைத்தும் எல்லா வீட்டுக்கும் வேண்டுமோ என்றால், வேண்டா. சிறிய கூடமுள்ள வீட்டுக்கு இடமும் வலமுமாக இரண்டு நல்ல ஒலிபெருக்கிகளே பெரும்பயன் தரும். மேலும் ஒன்று சேர்க்க இயலுமாயின் நடுவே வைப்பதைச் சேர்க்க வேண்டும். ஏனெனில், படத்திலும் நாடகத்திலும் மாந்தர் பேசும் பேச்சுப் பெரும்பாலும் அந்நடு ஒலிபெருக்கியின் வழியாகவே வருகின்றது. செவிப்புலன் சற்றுக் குறைந்த முதியோர் உள்ள வீட்டில், அறையைச் சுற்றி முழங்கும் இடியைக் காட்டிலும் ஒரு சொல் தெளிவாகக் கேட்பதே பெரிது. பக்க ஒலிபெருக்கிகளை வசதி உண்டானபின் வாங்கலாம். அவற்றுக்குரிய திருகுகள் அதுவரை வெறுமனே இருப்பதால் நட்டம் ஒன்றுமில்லை.

இணைப்பு வேலையைத் தொடங்குமுன் பெட்டியின் முதுகிலே ஒட்டியுள்ள சிறு தகட்டைப் படித்தல் இன்றியமையாதது. இந்நாட்டில் இவ்வெச்சரிக்கைக்குத் தனிக் காரணம் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் பல வீடுகளுக்கு இத்தகைய கருவிகள் கடையிலிருந்து வருவதில்லை. கடல் கடந்து வாழும் உறவினரிடமிருந்தே வருகின்றன. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ற்று, செக்கனுக்கு 50 சுற்று. கனடாவிலோ 120 வோல்ற்று, 60 சுற்று. ரொறன்ரோவில் வாங்கிய றிசீவர் ஒன்றை யாழ்ப்பாணத்திற் சுவரிலே நேரே செருகினால், உரியதிற் கிட்டத்தட்ட இரட்டை மடங்கு அழுத்தம் அதனைத் தாக்கும். அன்புடன் அனுப்பிய பொருள் ஒரு நொடியிற் பழுதாவதுடன் தீயும் புகையும் எழவுங்கூடும். பிரித்தானியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருபவை 230 வோல்ற்றை ஒட்டி அமைந்தவை. அவற்றுக்கு முள் மட்டுமே மாறக்கூடும். யப்பானில் விற்பவை 100 வோல்ற்றுக்கு உரியவை.

தகட்டிலே 120 என்று மட்டும் பொறித்திருந்தால், அழுத்தத்தைக் குறைக்கும் நிலைமாற்றி, அதாவது வழக்கில் ரான்ஸ்போமர் என்பது, கட்டாயம் வேண்டும். அதன் கொள்ளளவு, தகட்டிற் கூறிய உவாற்றுத் தொகையைவிட நன்றாக மிகுந்திருத்தல் வேண்டும். தொலைபேசிக்கு மின்னேற்றும் சிறு நிலைமாற்றி இதற்குப் போதாது. வேறொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. நிலைமாற்றி அழுத்தத்தை மாற்றுமேயன்றிச் சுற்று எண்ணிக்கையை மாற்றாது. 60 சுற்றுக்கு மட்டும் அமைந்த பெட்டி 50 சுற்றில் இயங்குங்காற் கூடுதலாகச் சூடேறலாம். ஆதலின் அத்தகைய கருவியை மின்னியல் அறிந்தார் ஒருவரிடம் காட்டிய பின்னரே பயன்படுத்தல் நன்று. வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பவிருக்கும் பெட்டியின் தகட்டை முன்னதாகவே படம் பிடித்து அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டால் இத்தொல்லை முழுவதும் இல்லாதொழியும்.

அடுத்தது இடம். றிசீவர் சூடு விடும் பெட்டி. மேலே துணி விரித்து, அதன்மேற் பூச்சாடி வைத்து அழகு பார்த்தல் தகாது. மூடிய அலுமாரியினுள் அடைத்தலும் தகாது. மேலே ஒரு சாணேனும், பக்கங்களிற் சில விரற்கடையேனும் காற்றோட்டம் இருத்தல் வேண்டும். ஒலிபெருக்கிகளுள் இடதும் வலதும் திரையின் இரு மருங்கிலும், அமர்ந்திருப்பார் செவியின் உயரத்தில் நிற்றல் நலம். பார்ப்பவர் இருக்கையும் அவ்விரு பெட்டிகளும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணம் போல அமையுமாயின் ஒலி செம்மையாக விளங்கும். நடுப்பெட்டி திரைக்குக் கீழேயோ மேலேயோ பார்ப்பவரை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கலாம். பக்கப் பெட்டிகள் இருப்பின், அவை செவிக்கு நேரே சற்றுப் பின்தள்ளி நிற்றல் வேண்டும்.

ஒலிபெருக்கிக் கம்பி விலையுயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பி, 8 ஓம் ஒலிபெருக்கிக்குப் பத்து மீற்றர்த் தூரம் வரை போதுமானது. ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் சிவப்பும் கறுப்புமாக இரு திருகுகள் உண்டு. றிசீவரின் சிவப்பு ஒலிபெருக்கியின் சிவப்புக்கும், கறுப்புக் கறுப்புக்கும் செல்லுதல் வேண்டும். ஒன்றிலே அவை மாறிவிட்டாற் கருவி கெட்டுவிடாது. ஆயின் ஒரு பெட்டியின் தகடு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். அடிச்சுரம் மெலியும், பேசுவார் குரல் நடுவே நில்லாது எங்கோ மிதப்பது போலத் தோன்றும். செய்தி வாசிப்பவர் குரலை வைத்துச் சோதித்தால் இக்குற்றம் உடனே புலப்படும். இதனினும் பெரிய கேடு, உரித்த கம்பியின் ஓரிழை பிரிந்து அடுத்த திருகைத் தொடுதல். அது விரியலாக்கியைப் பழுதாக்கவல்லது. ஆகவே இழைகளை இறுக முறுக்கிச் செருகிப் பார்த்தபின்னரே மின்சாரத்தைக் கொடுத்தல் வேண்டும். ஒலிபெருக்கியிற் பொறித்துள்ள ஓம் எண், றிசீவரின் நூலிற் கூறிய எல்லைக்குக் குறையாதிருத்தலும் வேண்டும்.

இனித் தொலைக்காட்சியுடன் இணைக்கும் முறை. படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளிற் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. என்னும் முறை 2002 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதனைக்கொண்டு இணைப்பதற்கு வழிகள் இரண்டு. முதலாவது வழியில் செய்மதிப் பெட்டி, படத்தட்டு இயக்கி, விளையாட்டுப் பெட்டி முதலியன யாவும் றிசீவரிலே சேரும். அங்கிருந்து ஒரு கேபிள் திரைக்குச் செல்லும். இரண்டாவது வழியில் அவை யாவும் நேரே தொலைக்காட்சியிலே சேரும். அங்கிருந்து ஒலி மட்டும் றிசீவருக்குத் திரும்பி வரும். ஒலி திரும்பி வரும் இவ்வழிக்கு ஏ.ஆர்.சி. என்று பெயர். 2009 ஆம் ஆண்டில் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 என்னும் பதிப்பில் இது சேர்க்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டின் 2.1 பதிப்பிலே இ ஏ.ஆர்.சி. என விரிவுபெற்றது.

படத்தின் நுட்பத்திலும் ஒலியின் நுட்பத்திலும் ஆழ்ந்த ஈடுபாடுடையார் முதல் வழியையே விரும்புவர். ஒலி குறைபடாது நேரே றிசீவரைச் சேர்வது அதன் சிறப்பு. ஆயின் அவ்வழியில் றிசீவர் விழித்திருந்தாலன்றிப் பல வீடுகளிற் படமே தோன்றாது. அணைந்திருக்கும்போதும் படத்தைக் கடத்திவிடும் ஏற்பாடு சில கருவிகளில் உண்டு. அதனைத் தேடி இயக்கிவைத்தல் வேண்டும். றிசீவர் பழுதுபார்க்கச் சென்றுவிட்டால் அவ்வீட்டிற் செய்தியும் இல்லை, நாடகமும் இல்லை. இரண்டாவது வழியிலோ தொலைக்காட்சி தன் காலிலே நிற்கும். றிசீவர் இருந்தால் ஒலி சிறக்கும். இல்லாதபோதும் தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கி பேசும். குடும்பப் பயனையே முதன்மையாகக் கொள்வார்க்கு இரண்டாவது வழியே ஏற்றது. பழைய றிசீவரொன்றின் வழியே புதிய 4கே படம் செல்லாத இடத்திலும் இவ்வழி கைகொடுக்கும். படம் றிசீவருக்குட் புகவேண்டிய தேவையே இல்லையன்றோ.

இவ்வழியிற் பலரும் இடறும் இடம் ஒன்றுண்டு. தொலைக்காட்சியின் பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. வாய்கள் மூன்று நான்கு இருப்பினும், ஏ.ஆர்.சி. என எழுதியிருப்பது பெரும்பாலும் ஒன்றே. கேபிளின் ஒரு முனை அதிலே செருகப்படல் வேண்டும். மறுமுனை றிசீவரின் உள்வரும் வாய்களில் ஒன்றிற் செருகப்படலாகாது. ஒலி உள்ளே வருவதால் உள்வரும் வாயே பொருத்தம் என்று நினைப்பது இயற்கைதான். ஆனால் திரைக்குப் படத்தை அனுப்பும் வெளிச்செல்லும் வாயிலேயே அதனைச் செருகவேண்டும், அவ்வாயிலும் ஏ.ஆர்.சி. என்னும் எழுத்துக்கள் இருக்கும். ஒரே கேபிளிற் படம் ஒருபுறம் செல்ல, ஒலி மறுபுறம் திரும்பி வருவதே இம்முறையின் புதுமை. இதன்பின் தொலைக்காட்சியின் ஒலிப் பட்டியலிலே, வெளிக்கருவிக்கு ஒலியை அனுப்புமாறு தெரிவு செய்தல் வேண்டும். இத்தெரிவைச் செய்யாமையால், கருவி பழுதென்று கடைக்குத் தூக்கிச் சென்றோர் பலர்.

ஏ.ஆர்.சி. இல்லாத பழைய தொலைக்காட்சிகளுக்கு ஒளியிழைக் கேபிள் உண்டு. செந்நிற ஒளியாலே ஒலியைக் கொண்டுசெல்லும் அம்முறையைத் தொஷீபா நிறுவனம் 1983 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. இரு வழி ஒலியையும், சுருக்கிய ஐந்து புள்ளி ஒன்று ஒலியையும் அது தாங்கும். ஆயின் றிசீவரை எழுப்பவும் ஒலியைக் கூட்டவும் அதனால் இயலாது. ஆகவே றிசீவரின் றிமோட்டையும் கையில் வைத்திருக்க வேண்டி வரும்.

இங்கேதான் இப்பொருளின் உயிர்நிலை உள்ளது. ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். கூடத்தின் சிறு மேசையிலே நான்கு றிமோட்டுகள் கிடக்கின்றன. எட்டு மணியாகின்றது. அப்பாச்சி செய்தி கேட்க வேண்டும். அவரோ, "தம்பி, செய்திக்கு நேரமாகுது, உந்தப் பெட்டியை ஒருக்காப் போட்டுவிடு ராசா" என்று உள்ளறையை நோக்கிக் குரல் கொடுக்கின்றார். தம்பி படிப்பிலிருந்து எழுந்து வந்து, ஒன்றை அமுக்கி, மற்றொன்றை அமுக்கி, மூன்றாவதிலே ஏதோ தேடிக் கொடுத்துவிட்டுச் செல்கின்றான். அவன் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால் அப்பாச்சியின் செய்தி என்னாகும்? தம் வீட்டிலேயே தமக்குத் தெரியாத ஒன்றுக்காக நாடோறும் பிறரை அழைக்க நேர்வது முதியோர்க்கு மனச்சுமை. சிலர் அழைக்கக் கூசி, கேளாமலே இருந்துவிடுகின்றனர். விலையுயர்ந்த கருவி வந்ததன் பயன், எழுபது ஆண்டுகளாகச் செய்தி கேட்டுவந்த ஒருவர் செய்தியை இழந்ததே என்றால், அது பயனாகுமா?

இக்குறையைத் தீர்க்கும் ஏற்பாடு கருவிகளுக்குள்ளேயே அமைந்துள்ளது. எச்.டி.எம்.ஐ. கேபிளின் ஒரு கம்பி வழியே கருவிகள் தமக்குட் கட்டளை பரிமாறிக்கொள்ளும். அதற்குப் பொதுப்பெயர் சி.இ.சி. என்பது. நிறுவனங்களோ தத்தமக்கு வேறு வேறு பெயர் சூட்டியுள்ளன. சாம்சங்கில் எனிநெற், எல்.ஜி.யில் சிம்லிங், சோனியிற் பிறேவியா சிங், பனசோனிக்கில் வியேரா லிங். பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே. தொலைக்காட்சியிலும் றிசீவரிலும் இதனை இயக்கிவிட்டால், தொலைக்காட்சியை எழுப்பும்போது றிசீவரும் எழும். அணைக்கும்போது அதுவும் அணையும். தொலைக்காட்சியின் றிமோட்டிலேயே றிசீவரின் ஒலி கூடும், குறையும். பல கருவிகளில் ஏ.ஆர்.சி. இயங்குவதற்கும் இவ்வேற்பாடு இயங்கியிருத்தல் இன்றியமையாதது. செய்மதிப் பெட்டிக்கு அலைவரிசை மாற்றத் தனி றிமோட் வேண்டியிருக்கலாம். அங்ஙனமாயினும் நான்கு இரண்டாகின்றன. ஏனைய இரண்டையும் இழுப்பறையில் வைத்துவிடலாம்.

இணைத்து முடிந்தபின் ஒலியைச் சீர்செய்தல் வேண்டும். ஒலி ஒரு மீற்றர் செல்ல ஏறத்தாழ மூன்று மில்லிசெக்கன் எடுக்கும். ஒரு பெட்டி அண்மையிலும் மற்றது சேய்மையிலும் இருந்தால் ஒலிகள் ஒருங்கே வந்து சேரா. ஆகவே ஒவ்வொரு பெட்டியும் இருக்கையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை அளந்து றிசீவருக்குச் சொல்லவேண்டும். பல பெட்டிகளுடன் ஒரு சிறு மைக்கிறபோனும் வருகின்றது. அதனை இருக்கையிலே செவியின் உயரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, வீட்டாரை அமைதியாயிருக்கச் செய்தால், றிசீவர் தானே ஒலியெழுப்பி அளந்துகொள்ளும். சிறிய ஒலிபெருக்கிகள் ஆழ்ந்த சுரங்களைத் தாங்கமாட்டா. முழக்கப்பெட்டி இருப்பின், செக்கனுக்கு 80 அதிர்வுக்குக் கீழ்ப்பட்டவற்றை அதற்கே விட்டுவிடுமாறு அமைப்பது பொதுவான வழக்கம்.

முதியோரை எண்ணிச் செய்யவேண்டிய சீர்மைகள் வேறு சில உள. நடுப்பெட்டியின் ஒலியை ஏனையவற்றைவிட இரண்டு மூன்று டெசிபெல் உயர்த்திவிட்டாற் பேச்சுத் தெளியும். சாதாரண ஒளிபரப்புப் பெரும்பாலும் இரு வழி ஒலியாகவே வருதலின், றிசீவர் இருவழி முறையில் நிற்குமாயின் நடுப்பெட்டி வாய் திறவாது. டொல்பி சறவுண்ட் போன்ற முறையொன்றைத் தெரிந்துவிட்டாற் பேச்சு நடுப்பெட்டிக்கு வரும். இரவிலே பிள்ளைகள் உறங்கும்போது, உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய ஒலியை உயர்த்தும் இராமுறை ஒன்றும் பல கருவிகளில் உண்டு. வெடியோசைக்குப் பயந்து ஒலியைக் குறைப்பதும், பேச்சுக் கேளாமற் கூட்டுவதுமாக றிமோட்டுடன் போராடும் தொல்லை அதனால் நீங்கும்.

ஒலியளவைக் காட்டும் எண்ணிலும் ஒரு மயக்கம் உண்டு. பல றிசீவர்கள் −40, −30 எனக் குறை எண்ணாகவே அதனைக் காட்டும். நாற்பது பெரிது, முப்பது சிறிது என்று எண்ணுவார் −40 இலிருந்து −30 க்குச் செல்லும்போது ஒலி குறையும் என்று எதிர்பார்ப்பர். அதுவோ ஏறத்தாழ இருமடங்காக உரத்துக் கேட்கும். சுழியத்திலிருந்து மேல்நோக்கி எண்ணும் முறைக்கு மாற்றும் வசதியிருப்பின் மாற்றிவிடுதல் நன்று. உச்ச ஒலிக்கு ஓர் எல்லை வகுத்துவிடலாம். எழும்பும்போது இன்ன ஒலியிலேயே எழும்ப வேண்டுமென்றும் விதித்துவிடலாம். முதல்நாள் இளையோர் படம் பார்த்த ஒலியில் மறுநாட் காலை அப்பாச்சியின் தேவாரம் தொடங்கி அயலாரைத் திடுக்கிடச் செய்யாதிருக்க இவ்வெல்லை உதவும்.

பேசுவார் உதடு முந்தவும் குரல் பிந்தவும் காணப்படின், அல்லது குரல் முந்தவும் உதடு பிந்தவும் காணப்படின், கருவி பழுதென்று கருதவேண்டியதில்லை. திரை படத்தைச் சீர்செய்யச் சிறிது நேரம் கொள்ளும். ஒலியோ அதற்குக் காத்திராது வந்துவிடும். ஒலியைத் தாமதிக்கும் அளவு ஒன்று றிசீவரின் பட்டியலில் உண்டு. செய்தி வாசிப்பவரின் உதட்டை நோக்கியபடி அதனைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் இரண்டும் பொருந்தும். குரல் பிந்தும் வீட்டில் அவ்வளவை முன்னர்ச் சுழியத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும்.

இடிமின்னல் பற்றிய எச்சரிக்கை இந்நாட்டார்க்கு மிக வேண்டியது. பங்குனி சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் மின்னல் மிகும். சுவிற்சை அணைத்துவிட்டால் மட்டும் போதாது. முள்ளைச் சுவரிலிருந்து கழற்றுதல் வேண்டும். மின்கம்பி வழியே வாராத தாக்கம், அன்ரெனாக் கம்பி வழியேயும் செய்மதித் தட்டின் கம்பி வழியேயும் தொலைபேசிக் கம்பி வழியேயும் வரலாம். எல்லாக் கருவிகளும் எச்.டி.எம்.ஐ. கேபிளாற் பிணைக்கப்பட்டிருத்தலின், ஒன்றிற் புகுந்த தாக்கம் மற்றவற்றுக்கும் பரவும். ஆகவே அக்கம்பிகளையும் கழற்றிவைத்தல் முறை. இதனைச் செய்யவேண்டியது வானம் கறுக்கும்போதே. தலைக்குமேல் இடிக்கும்போது கம்பியைத் தொடுதல் உயிருக்கு ஆபத்து. மீண்டும் செருகியபின் கருவிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளச் சற்று நேரம் கொடுக்க வேண்டும். கட்டளைகள் குழம்பினால் யாவற்றையும் சுவரிலிருந்து கழற்றி, சில நிமிடம் பொறுத்து, மறுபடி செருகினாற் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒலி கேளாதபோது அஞ்சாமல் வரிசையாகப் பார்த்தல் நலம். றிசீவரில் விளக்கு எரிகின்றதா? அதன் முகப்பிலே தொலைக்காட்சிக்குரிய பெயர் தெரிகின்றதா? ஒலியை அடக்கும் பொத்தான் அமுங்கியுள்ளதா? தொலைக்காட்சியின் ஒலி வெளிக்கருவிக்குச் செல்லுமாறு உள்ளதா? கேபிளின் இரு முனைகளும் இறுகியுள்ளனவா? இவ்வைந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாற் பெரும்பாலான குறைகள் வீட்டிலேயே தீரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பது குற்றத்தை மறைக்குமேயன்றிக் காட்டாது.

ஒவ்வொரு கேபிளின் முனையிலும் எங்கிருந்து எங்கே என்று தமிழில் எழுதிய சிறு காகிதத்தை ஒட்டிவைத்தல் வேண்டும். முழு இணைப்பையும் ஒரு தாளிலே வரைந்து றிசீவரின் கீழே வைத்தல் வேண்டும். தொலைக்காட்சியின் அருகே பெரிய எழுத்தில் மூன்று வரி போதும்: இந்தப் பொத்தானை அமுக்கினால் எல்லாம் எழும், இதனால் ஒலி கூடும், குறையும், இதனால் எல்லாம் அணையும். பின்னர் வீட்டில் மூத்தவரை அழைத்து, அவர் கையாலேயே மூன்று முறை செய்வித்தல் வேண்டும். செய்து காட்டுதல் கற்பித்தலாகாது; செய்வித்தலே கற்பித்தலாகும். அவர் தடுமாறும் இடம் எதுவோ, அங்கே குறை அவரிடத்தன்று, இணைப்பிலேயே உள்ளது என்று கொண்டு அதனை இன்னும் எளிதாக்குதல் வேண்டும்.

கம்பிகளைச் செருகியவர் ஒரு மாலையிலே தம் வேலையை முடித்துவிடலாம். அவ்வேலை நன்றோ அன்றோ என்பது, அவர் வீட்டில் இல்லாத ஒரு நாளிலேதான் தெரியவரும். அன்று இரவு எட்டு மணிக்கு எவரையும் அழையாமல் ஒரு முதியவர் தாமே பொத்தானை அமுக்கி, உலகச் செய்தியை ஒரு சொல்லும் தவறாது கேட்டு, தாமே அணைத்துவிட்டு உறங்கச் சென்றால், அவ்விணைப்புச் செவ்வனே அமைந்தது எனலாம்.